மருதமுனை முனவ்வறாவும் மீதி வைக்காத எண்ணும்

1977ஆம் ஆண்டு, கச்சான் காற்று மருதமுனைத் தறிகளில் நூலை அறுத்து விளையாடிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், முனவ்வறாவும் கணித ஆசிரியர் காலிதீனும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அவளுக்கு வயது பதினாறு. அவருக்கு முப்பதுக்கு மேல் ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தச் சந்திப்பு ஒரு பாடவேளை நீடித்தது. நாற்பது நிமிடம். அதற்குச் சரியான பதிலைத் திருப்பிக் கொடுக்க முனவ்வறாவுக்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன.

அவளுடைய வாப்பா இறக்காமத்தில் வயல் செய்து, யானைக்குக் காவல் இருந்தே காலம் கழித்தவர். வீட்டைத் தாங்கியவர் உம்மா ஆசியா உம்மாதான். மருதமுனையில் தறி போட்ட வீடுகள் நூறு இருந்தாலும், ஆண்கள் உடுக்கும் சாறனுக்குப் புதுக் கோடு வேண்டுமென்றால் ஆசியா உம்மாவிடம்தான் வருவார்கள். எந்த நிறத்தில் எத்தனை இழை, அதற்கடுத்து எத்தனை இழை என்று அவர் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுப்பார். அவர் போனது குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் ஓதப் பள்ளிக்கு மட்டும். ஆகையால் அவருக்குத் தெரிந்தது, தமிழை அறபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ். அவருடைய கட்டங்கள் வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கத்தில் முடியும். முதற்கோடு எப்போதும் வலது ஓரத்தில் இருக்கும். முனவ்வறா பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாகவும், உம்மாவின் கோட்டுத்தாளில் வலமிருந்து இடமாகவும் எழுதிப் பழகியவள். இரண்டிலும் அவளுக்குக் கை தவறியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அந்த ஆண்டு கல்முனையின் பெரிய பாடசாலை ஒன்றில் உயர்தரக் கணித வகுப்பில் ஓர் இடம் மிஞ்சியிருந்தது. கேட்டவர்களோ பலர். காலிதீன் ஒரு போட்டியை அறிவித்து, அதை வாயிற்கதவில் ஒட்டச் செய்தார்.

"ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரேயொரு முறை வருமாறு ஒன்பதிலக்க எண் ஒன்றைக் காண்க. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் இரண்டாலும், முதல் மூன்று இலக்கங்கள் மூன்றாலும், முதல் நான்கு நான்காலும், இவ்வாறே ஒன்பது வரையும் மீதியின்றி வகுபடவேண்டும். ஒரு வாரத்துக்குள் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவருக்கே இடம். விடை, ஒட்டிய உறையில் ஆசிரியரின் சட்டைப்பையில் உள்ளது."

முனவ்வறா அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெற்றுத்தாள் இல்லாததால், உம்மாவின் பழைய கோட்டுத்தாள்களின் பின்பக்கத்தில், அதேபோல் கட்டம் போட்டு, அதே வலது ஓரத்திலிருந்து கணக்கைத் தொடங்கினாள். நடுக் கட்டத்தில் ஐந்தை நட்டாள்; ஐந்தால் வகுபட வேறு வழியில்லை. இரட்டை இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்தாள். மற்றவற்றை மாற்றி மாற்றிப் போட்டு வகுத்தாள். ஐந்தாம் நாள் பின்னேரம் ஒன்பது கட்டங்களும் நிறைந்து நின்றன. மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது. முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு இலட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது.

ஆசியா உம்மா தாளை எடுத்துப் பார்த்தார்.

"மூண்டுக்குப் பக்கத்தில எட்டு, எட்டுக்குப் பக்கத்தில ஒண்டு. இது என்ன கோடு புள்ள? உடுத்துக்கிட்டு றோட்டால போக ஏலுமா?"

"இது சாறனுக்கு இல்ல உம்மா. எனக்கு."

மறுநாள் காலை அவள் அந்தத் தாளுடன் கல்முனைக்கு நடந்தாள். வகுப்பில் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். அனைவரும் ஆண் பிள்ளைகள். வெள்ளைக் காற்சட்டையும் அத்தர் வாசமுமாகக் காலிதீன் நின்றார். சுண்ணக்கட்டி அவளுடைய கைக்கு வந்தது. முப்பத்தொன்பது பேரின் பார்வை முதுகில் ஏற, முனவ்வறா தாளை மட்டும் பார்த்தாள். தாளில் எப்படி இருந்ததோ அப்படியே கரும்பலகையில் எழுதினாள். வலது ஓரத்தில் மூன்று. அதற்கு இடப்பக்கம் எட்டு. அதற்கும் இடப்பக்கம் ஒன்று.

"டேய், ஓதப் பள்ளிக்கு வந்திட்டாடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்புச் சிரித்தது.

"எழுதட்டும்," என்றார் காலிதீன்.

ஒன்பது இலக்கங்களும் எழுதப்பட்டதும் அவர் பலகையை நெடுநேரம் பார்த்தார். அவருடைய கை சட்டைப்பையைத் தொட்டது. தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது. அந்தக் கை போய்வந்ததை முனவ்வறா கண்டாள். அதன் பொருள் அன்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு அவர் பலகையின் இடது ஓரத்துக்குப் போய், அங்கிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

"தொண்ணூத்திரண்ட ரெண்டால பிரிச்சாச் சரி. தொளாயிரத்து இருபத்தேழ மூண்டால பிரிச்சாச் சரி. ஒம்பதினாயிரத்து இருநூத்து எழுபத்து நாலு. நாலால பிரிங்க பாப்பம், எல்லாரும்."

"மீதி ரெண்டு சேர்!"

"கேட்டயா புள்ள? மீதி ரெண்டு."

தன்னுடைய எண்ணில் ஒன்பதினாயிரம் எங்கிருந்து வந்தது என்பது முனவ்வறாவுக்குப் புரியவேயில்லை. தாளை மடித்தாள். படியிறங்கி வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பாண்டிருப்பைத் தாண்டும்போதுதான், தாளைத் திரும்ப விரித்து, அவர் எந்த ஓரத்திலிருந்து வாசித்தார் என்பதை அறிந்தாள். தெருவில் நின்றபடியே, அவர் வாசித்த எண்ணை விரலால் வகுத்தும் பார்த்தாள். நான்கில் மீதி இரண்டு, ஏழிலும் இரண்டு, எட்டிலும் இரண்டு. மற்ற இடங்களில் அதுவும் ஒழுங்காகவே வகுபட்டது.

அடுத்த நாள் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விடை சொல்ல ஒரு தரந்தான். எந்தப் பக்கத்தால எழுதுற எண்டு தெரியாத புள்ளைக்கிக் கணிதம் என்னத்துக்கு? போய் உம்மாவோட தறியப் பாரு."

அந்த இடம் அவருடைய மனைவியின் தமையன் மகன் மசூருக்குப் போயிற்று. போட்டியில் எவரும் வெல்லவில்லை என்று வாயிற்கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது.

முனவ்வறாவின் பெயர் 'மீதி ரெண்டு' ஆனது இப்படித்தான். வகுப்பில் பிறந்த பெயர் சந்தைக்கு நடந்தது. சந்தையிலிருந்து கடற்கரைக்குப் போனது. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனால், "மீதி ரெண்டுக்கு ரெண்டு இறாத்தல் குடு" என்பார்கள். அடுத்த ஆண்டு கார்த்திகைச் சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்தபோது ஆசியா உம்மாவின் கோட்டுத்தாள்கள் அத்தனையும் பறந்தன. அவர் ஒன்றைக்கூடத் திரும்ப எழுதவில்லை. "என்ட எழுத்தாலதானே உனக்கு இது வந்த" என்றார். அதன் பிறகு அவர் பேனையைத் தொடவேயில்லை. ஊருக்குக் கோடு சொல்ல வேண்டியிருந்தால் வாயால் சொல்வார், முனவ்வறா எழுதுவாள். 1983இல் கண்மூடும் வரையில், மகளின் படிப்பைத் தம்முடைய வலதோரம் தின்றுவிட்டது என்றே அந்தத் தாய் நம்பினார். மகளும் அப்படியே நம்பினாள். காலிதீன் திமிர் பிடித்தவர், பொறுமையற்றவர் என்று நினைத்தாளேயன்றி, அதற்கு மேல் நினைக்கவில்லை. அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் எண்கள் பல இருக்கக்கூடும். அவருடைய உறைக்குள் வேறொன்று இருந்திருக்கும். தன் எண்ணை அவர் எப்படி அறிந்துகொள்வார்? இப்படி அவரை அவளே வழக்காடி விடுவித்துக்கொண்டிருந்தாள்.

அவளை மணந்தவன் சாய்ந்தமருதில் தோணி வைத்திருந்த அச்சிமுகம்மது. வெள்ளை மனம் படைத்தவன். கல்யாணத்துக்கு மறுநாள், பெண்வீட்டுக்கு வந்து குடியேறிய புதுமாப்பிள்ளை, தேநீரைக் குடித்துக்கொண்டே சிரித்தான்.

"முதல் நாள் ஊட்டப் பாக்க வந்தன். சந்தியில ஒத்தன் செல்றான், 'மீதி ரெண்டு ஊடா? நேரப் போ' எண்டு. உங்கட ஊட்டுப் பேர் நல்ல பேர் புள்ள. எங்கட ஊட்டுக்குப் பேரே இல்ல."

அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"தோணிக்காரப் பொடியனுகள் ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போய் அந்தாளுக்கு அடிச்சிப்போட்டு வரட்டா?"

"அடி ஆறிப் போகும்," என்றாள் முனவ்வறா.

உம்மாவுக்குப் பின் கோடு அவளுடையதாயிற்று. வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு தறிகளுடன் ஒரு கொட்டகை எழுந்தது. மிகவும் கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்தாள். ஓர் இழை கூடினாலும் குறைந்தாலும் பாவு நூலைப் பிரித்து மறுபடி போட வைப்பாள். கையில் தறி நாடா ஓட, மனத்தில் எப்போதும் ஏதோவொரு எண் ஓடும். அந்த ஒன்பதிலக்க எண்ணிடம் அவள் அடிக்கடி திரும்பிப் போவாள். கடைசியில் ஒரு பூச்சியம் சேர்த்தால் அது பத்தாலும் வகுபடுகிறது என்று ஒரு நாள் கண்டாள். அதற்கு மகிழ்ந்தாள். ஆனால் அவளுடைய வாழ்க்கையைத் திருப்பியது வேறு ஒன்று.

1986ஆம் ஆண்டு மாசி. அதற்கு முந்திய ஆண்டின் தமிழ்-முஸ்லிம் கலவரத்தால் ஊர்கள் ஒன்றையொன்று பாராமல் இருந்துவிட்டு, அப்போதுதான் மெல்ல மெல்லப் பாதைகள் திறந்திருந்தன. பாண்டிருப்பிலிருந்து நூல் சுற்ற வரும் தங்கரத்தினம் பத்து மாதத்துக்குப் பிறகு கொட்டகைக்குத் திரும்பியிருந்தாள். அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். முனவ்வறாவின் எண்பேச்சுக்குக் காது கொடுக்கும் ஒரே ஆள்.

அன்று முனவ்வறா ஒரு கேள்வியைத் தறியில் ஏற்றியிருந்தாள். இந்த எண்ணைப் போல் வேறு எண்கள் எத்தனை உண்டு? காலையிலிருந்து அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஐந்து நடுவில் நிற்கும். இரண்டாம், நான்காம், ஆறாம், எட்டாம் இடங்களில் இரட்டை இலக்கங்கள் மட்டும். நான்கால் வகுபட வேண்டுமாகையால் நான்காம் இடத்துக்கு இரண்டோ ஆறோதான் வரலாம். இரண்டு வந்தால் ஆறாம் இடத்தில் எட்டு வரவேண்டும்; ஆறு வந்தால் நான்கு வரவேண்டும்; அப்போதுதான் ஆறால் வகுபடும். எட்டுக்குரிய நிபந்தனையும் மூன்றுக்குரிய நிபந்தனையும் சேர்ந்தபோது, இலட்சக்கணக்கான எண்களில் பத்தே பத்து மிஞ்சின. பத்தையும் சுவரில் கரியால் எழுதினாள். ஒன்பதிலிருந்து ஒன்று வரை இறங்கிவரும் 987654321 கூட அந்தப் பத்தில் ஒன்றாக நின்றது.

"இனி ஏழு மட்டுந்தான் மிச்சம்," என்றாள். "ஏழக் கண்ணால பாத்துச் செல்ல ஏலா. பிரிச்சுப் பாரு தங்கரத்தினம்."

தங்கரத்தினம் ஒவ்வொன்றின் முதல் ஏழு இலக்கங்களை எடுத்து வகுத்தாள். முதலாவதில் மீதி வந்தது, அடித்தாள். அடுத்ததிலும் வந்தது. வரிசையாக இறங்கும் அந்த அழகான எண்ணிலும் மீதி ஐந்து வந்தது.

"அச்சொட்டா வரிசையில நிண்டும் அதுக்கு வழி இல்லாமப் போச்சே," என்று சிரித்தாள். ஒன்பது எண்கள் அடிபட்டன. ஒன்று நின்றது.

முனவ்வறாவின் நாடா பாதியில் நின்றுவிட்டது.

"ஒண்டுதான்," என்றாள். "உலகத்துலயே ஒரேயொரு நம்பர்தான் இரிக்கி."

"அதுக்கென்ன? உன்ட நம்பர் தனி ராசா. சந்தோசப்படு."

"அவர்ட உறைக்குள்ள விடை இருந்ததெல்லா?"

"ஓம். நீதானே சொன்ன."

"விடை ஒண்டுதான் எண்டா, உறைக்குள்ள இருந்ததும் இதுதான்."

தங்கரத்தினம் கரித்துண்டைக் கீழே வைத்தாள். 

"அப்ப அந்த மனிசன்," என்று தொடங்கினாள் தங்கரத்தினம், "பலகையப் பாத்த உடனயே…"

"கை பொக்கட்டுக்குப் போனதக் கண்டன். விடைய மனப்பாடமா வச்சிருந்த ஆளுக்கு, அத வலப்பக்கத்தால பாத்தாத் தெரியாதா? தெரிஞ்சிதான் இடப்பக்கத்துக்குப் போனார். தெரிஞ்சிதான் நாலால பிரிக்கச் சொன்னார்." அவளுடைய குரல் உயரவில்லை. "என்ட உம்மா அஞ்சி வருசம் பேனையத் தொடல்ல. அவ தன்ட கைதான் குத்தம் எண்டு நெனச்சிட்டு மவுத்தானா."

"கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதுவமா?"

"எழுதினா அவங்க அவர்ட்டயே கேப்பாங்க. அவர் தெரியா எண்டுவார். எனக்குக் கடதாசி வேணா. அவர்ட வாயால வேணும். தெரியும் எண்டு சனத்துக்கு முன்னால அவர் செல்லணும்."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். பகை அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. முன்னைவிட நேரத்துக்கு எழுந்தாள், உண்டாள், கோடுகள் இன்னும் கூர்மையாக அமைந்தன. "என்னகா, முகத்தில ஒரு வெளிச்சம்?" என்று தறிப் பெண்கள் கேட்டார்கள். தொழுகையில் அவள் காலிதீனின் நீண்ட ஆயுளுக்கும் நல்ல நினைவாற்றலுக்கும் மனமுருகத் துஆக் கேட்டாள்.

ஆவணி மாதத்தில் காலிதீனின் மனைவி கொட்டகைக்கு வந்தார். காலிதீன் இப்போது அதிபர். மூத்த மகள் றஹீமாவுக்குப் புரட்டாதியில் கல்யாணம். அவர்களுடைய குடியில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளையோடு பெண்வீட்டுக்கு வரும் ஆண்களுக்கு ஒரே கோட்டில் இருபத்தொரு சாறன் கொடுக்கவேண்டும். அந்தக் கோடு அதுவரை எவர் உடம்பிலும் ஏறாத புதுக் கோடாக இருக்கவேண்டும். அவற்றை நெசவாளரிடமிருந்து தம் கையால் வாங்குபவர் பெண்ணின் வாப்பாவாகவே இருக்கவேண்டும். இருபதாகக் குறைந்தாலோ, பழைய கோடாக இருந்தாலோ, மாப்பிள்ளை வீட்டார் வாசற்படலை வரை வந்து திரும்பிப் போன கதைகளும் இருந்தன.

"புதுக் கோடு எண்டா உங்களத் தவிர ஆரு தங்கச்சி?" என்றார் அந்த அம்மா.

"ஒம்பது கோட்டுல ஒண்டு போட்டுத் தாறன் ராத்தா," என்றாள் முனவ்வறா. "சேருக்குப் புடிக்கும்."

வெள்ளைப் பாவில் அரக்குக் கோடுகள். இடது ஓரத்திலிருந்து ஒன்பது இழை, பிறகு இரண்டு, ஏழு, நான்கு, ஐந்து, ஆறு, ஒன்று, எட்டு, மூன்று. 1977இல் கரும்பலகையில் நின்ற அதே வரிசை, அதே பக்கம். உம்மா சொன்னது பொய்யல்ல. உடுத்தால் கண்ணைக் குத்தும் கோடுதான். ஆனால் புதியது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தபோது, வியாழக்கிழமை முற்பகல், காலிதீன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது, அத்தர் வாசம் மாறவில்லை. ஐந்து தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, ஆறாவது நின்றிருந்தது. முனவ்வறாவை அவர் அடையாளம் காணவில்லை. கோடு போடும் பெண் என்றுதான் அறிந்திருந்தார்.

"இருபத்தொண்டும் ரெடியா மகள்?"

"இருபது பெட்டிக்குள்ள இரிக்கி சேர். மத்த ஒண்டு தறியில. பாத்துச் செல்லுங்க, அறுத்துத் தாறன்."

அவர் தறியருகே குனிந்தார். கோடுகளைக் கண்டால் எண்ணாமல் விடும் மனிதரல்லர் அவர். அதில்தான் முனவ்வறா முழுப் பந்தயத்தையும் வைத்திருந்தாள். அவருடைய விரல் இடது ஓரத்திலிருந்து நகர்ந்தது. ஒன்பது. இரண்டு. ஏழு. நான்கு. அங்கே விரல் நின்றது. சற்றுத் தயங்கியது. பிறகு, தானாகவே எழும்பி, வலது ஓரத்துக்குப் போய், அங்கிருந்து எண்ணத் தொடங்கியது. மூன்று. எட்டு. ஒன்று. ஆறு.

"சேர்," என்றாள் முனவ்வறா மிகவும் பணிவாக, "வலப்பக்கத்தால ஏன் எண்ணுறீங்க?"

காலிதீன் நிமிர்ந்தார். அவளை அப்போதுதான் பார்த்தார். விரலைக் கோட்டிலிருந்து எடுத்தார்.

"கோடு வடிவா இரிக்கி," என்றார். "அதான்."

"வடிவான கோடெண்டா இடப்பக்கத்தாலயும் வடிவுதானே. அங்கால நாலுல ஏன் நிண்டீங்க? மீதி வந்திட்டா?"

தங்கரத்தினம் நூற்கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் வந்து நின்றாள்.

"எனக்கு நேரமில்ல," என்றார் காலிதீன். "சாமானத் தா."

"தாறன். அதுக்கு முன்னால இந்தச் செவுத்துல ஒரு கணக்குச் செஞ்சி காட்டுங்க. மூண்டுல தொடங்கி, வலப்பக்கத்தால. ரெண்டுல இருந்து ஒம்பது வரைக்கும் பிரிச்சுக் காட்டுங்க. எட்டுத் தரந்தான்."

"விசரா உனக்கு? நான் ஆரெண்டு தெரியுமா?"

"தெரியும் சேர். நான் ஆரெண்டும் உங்களுக்கு இப்ப தெரியும்." அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுக் காட்டினாள். "பெட்டித் தெறப்பு இஞ்ச இரிக்கி. கத்தரிக்கோலும் என்ட்டதான். ஞாயித்துக்கெழம மாப்புள வாறார்."

அவர் மறுத்துவிட்டுப் போயிருந்தாலும், சாறன்கள் அன்று மாலையே அவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கொண்டுபோய்க் கொடுக்க அச்சிமுகம்மதுவை அவள் ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தாள். றஹீமாவின்மேல் அவளுக்குக் கோபமேயில்லை. ஆனால் அதை அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் சொல்லவேண்டிய கடமை தனக்கு இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

காலிதீன் வாசலைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், கரித்துண்டை வாங்கினார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, சுண்ணாம்புச் சுவரில் எழுதினார். முப்பத்தெட்டை இரண்டால் வகுத்தார். பத்தொன்பது.

"மீதி என்ன சேர்?" என்று தங்கரத்தினம் கேட்டாள்.

"இல்ல."

"எல்லாத்துக்கும் செல்லணும் சேர்," என்றாள் முனவ்வறா.

முந்நூற்று எண்பத்தொன்று, மூன்றால்: நூற்றிருபத்தேழு. "மீதி இல்ல." மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு, நான்கால்: தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. "மீதி இல்ல." தறிகளிலிருந்த பெண்களுக்கு விடயம் மெல்லப் பிடிபட்டது. நாடாவை ஓட்டிக்கொண்டே கழுத்தை நீட்டினார்கள்.

"சேர் நல்லா எழுதுறார்கா, குண்டுகுண்டா."

"கையில கரி பூசுது, பாத்து சேர். கல்யாண ஊடு."

ஐந்தும் ஆறும் முடிந்தன. ஏழுக்கு வந்தபோது அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. முப்பத்தெட்டு இலட்சத்துப் பதினாறாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு. ஒவ்வோர் இலக்கமாக இறக்கினார். ஐந்து, நான்கு, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஈவு வந்தது. கடைசியில் ஏழுக்கு ஏழு போய்ப் பூச்சியம் நின்றது.

"மீதி?" என்று மூன்று நான்கு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"இல்ல," என்றார் காலிதீன்.

எட்டை வகுத்தார். ஒன்பதுக்கு வந்ததும், "இலக்கத்தக் கூட்டினா நாப்பத்தஞ்சி. அதால தானா வகுபடும்," என்று கரியைக் கீழே வைக்கப் போனார்.

"எனக்குத் தெரியும் சேர். நான் படிக்காத ஆள் எண்டாலும் அது தெரியும். நீங்க பிரிச்சுக் காட்டுங்க."

அவர் வகுத்தார். நான்கு கோடியே இருபத்து நான்கு இலட்சத்து ஆறாயிரத்து எண்பத்தொன்று. மீதி இல்லை.

முனவ்வறா கத்தரிக்கோலை எடுத்துப் பாவு நூலை அறுத்தாள். இருபத்தொன்றாவது சாறனை மடித்தாள். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எண்ணி, துணியில் பொதிந்து, அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள். கரி படிந்த விரல்களை அந்தப் பொதியின்மேல் வைக்க அஞ்சி அவர் அவற்றை மடக்கிக்கொண்டார். நெசவு தொடர்ந்தது, தறிகளின் சத்தம் கொட்டகையை நிறைத்தது.

"நம்பர் சரி எண்டு எனக்கு எழுபத்தேழுலயே தெரியும்," என்றாள் அவள். "இந்தச் செவுரு அதுக்கில்ல. அண்டைக்குப் பலகையப் பாத்தீங்களே, அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் செல்லிட்டுப் போங்க."

காலிதீன் வாசலை நோக்கி ஓரடி வைத்து நின்றார். வெளியே மோட்டார் சைக்கிளின்மேல் ஒரு காகம் வந்து அமர்ந்தது.

"பொஞ்சாதிட ஆக்கள் நெருக்கினாங்க," என்றார். "இடம் ஒண்டுதான் இருந்திச்சி. மசூருக்குக் குடுக்கணும் எண்டு…"

"நான் அதக் கேக்கல்ல சேர்."

"தெரியும்," என்றார் அவர், அவளுக்கு மட்டும் கேட்கும்படியாக. "கண்ட உடன தெரியும்."

முனவ்வறா கையை உயர்த்தினாள். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தறிகளும் நின்றன. பெண்கள் அனைவரும் திரும்பினார்கள். தங்கரத்தினம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அமைதியில் முனவ்வறா, தன் வாழ்நாளில் அவரிடம் கேட்ட கடைசி வேண்டுகோளை, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"கடைசித் தறியில இரிக்கிற புள்ளைக்குக் கேக்கல்ல சேர். இன்னொருக்காச் சத்தமாச் செல்லுங்க."